ஏ.டி.ஆர். இன்டர்வியூவுக்குப் போகும் டெல்டா பிள்ளைகளுக்கு

சித்தப்பா மகன் பைலட் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்திருந்தான். குடமுருட்டிக் கரையில் எங்கள் மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, "அக்கா, இன்டர்வியூவுல என்ன கேப்பாங்க?" என்றான். பேசி முடிக்கும்போது இருட்டிவிட்டது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஏ.டி.ஆர். என்ற இரட்டை இன்ஜின் புரொப்பல்லர் பயணிகள் விமானத்தில் கோ-பைலட், கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுபவள். பாபநாசம் பக்கம் சொந்த ஊர். பத்தாவது வரை தமிழ் மீடியம். முதல் இன்டர்வியூவில் தோற்றேன், இரண்டாவதில் தேறினேன். நடுவில் பதினோரு மாதம். நிலத்தை அடமானம் வைத்துப் பயிற்சிக்குப் பணம் கட்டிய வீட்டில் பதினோரு மாதம் எப்படிப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்கள் உங்களுக்கு மிச்சமாக வேண்டும்.

முதலில் காகிதங்கள். விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. கொடுத்த லைசென்ஸ், மல்டி-இன்ஜின் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (ஒன்றுக்கு மேற்பட்ட இன்ஜின் உள்ள விமானத்தைக் கருவிகளைப் பார்த்தே ஓட்டும் தகுதி), முதல் வகுப்பு மெடிக்கல், ரேடியோ லைசென்ஸ், ஆங்கிலத் தேர்ச்சி குறைந்தது நான்காம் நிலை, பாஸ்போர்ட், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். எல்லாம் அசல் வேண்டும், இரண்டு செட் நகலும் வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ஒற்றை எழுத்து இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், லைசென்ஸில் இரண்டும் கலந்து இருக்கும். இதை இன்டர்வியூ நாளில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கெசட்டோ பிரமாணப் பத்திரமோ, எது தேவையோ அதை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

பறந்த நேரத்தையெல்லாம் எழுதிவைக்கும் லாக்புக்கை உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருப்பீர்கள், அதில் 100 மணி நேரம் தனிப் பொறுப்பில். ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையும் அடுத்த பக்கத்துக்குச் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எதிரே இருப்பவர் ஏதாவது ஒரு வரியில் விரலை வைத்து, "இந்த கிராஸ் கன்ட்ரியில் என்ன நடந்தது?" என்று கேட்பார். 300 நாட்டிக்கல் மைலுக்குக் குறையாமல் ஒரு நீண்ட பயணம் செய்திருப்பீர்களே, அது முழுதாக நினைவில் இருக்க வேண்டும். எந்த ஊரில் இறங்கினீர்கள், காற்று எப்படி இருந்தது, எரிபொருள் எவ்வளவு மிச்சம், எல்லாம்.

எழுத்துத் தேர்வு பெரும்பாலும் டி.ஜி.சி.ஏ. பாடங்களில் இருந்துதான் வரும். நேவிகேஷன், வானிலை, விதிமுறைகள், டெக்னிக்கல். கேள்வி தெரிந்ததாக இருக்கும், நேரம்தான் போதாது. அதனால் மனக்கணக்கு பழகுங்கள். நான் திருச்சியை வைத்துப் பழகினேன். வெயிலில் காற்று மெலிந்துவிட்டால், விமானம் எவ்வளவு உயரத்தில் இருப்பது போல நடந்துகொள்ளும் என்ற கணக்கு. ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 290 அடி உயரம். கடல் மட்டத்தில் நிலையான வெப்பநிலை 15 டிகிரி, 1,000 அடிக்கு 2 டிகிரி குறையும். அப்படியானால் திருச்சியில் இருக்க வேண்டியது 14.5 டிகிரி அளவு. சித்திரை மதியத்தில் 40 டிகிரி அடிக்கிறது. வித்தியாசம் 25.5. ஒரு டிகிரிக்கு 120 அடி என்று பெருக்கினால் 3,060. அத்துடன் 290-ஐச் சேர்த்தால் 3,350. காற்றழுத்தம் வழக்கமான 1013 மில்லிபார் என்று வைத்துக்கொண்டால், அன்றைய காற்றில் விமானம் 3,350 அடி உயரத்தில் இருக்கும் ஓடுபாதையிலிருந்து கிளம்புவது போலத்தான் ஏறும். இறங்கும் கணக்கும் இப்படித்தான் பழகினேன். 10,000 அடி குறைக்க 30 நாட்டிக்கல் மைல் வேண்டும். மூன்று டிகிரி சரிவில் தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்று வரும். 120 நாட் (மணிக்கு 120 நாட்டிக்கல் மைல்) வேகத்துக்கு 600 அடி.

பக்கக் காற்றுக்கு ஆடி மாதம் இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்த மேல்காற்றை வைத்தே ஒரு கணக்கு. ஓடுபாதை 27, அதாவது 270 டிகிரி திசை; காற்று 240 டிகிரியிலிருந்து 20 நாட். கோணம் 30, காற்றின் வேகத்தில் பாதி எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கமிருந்து 10 நாட். இதை மூன்று விநாடிக்குள் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டால் போதும்.

கம்ப்யூட்டரில் வரும் உளவியல் தேர்வுக்குத் தனியாகப் படிக்க ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள். ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்பார்கள், நல்ல பிள்ளை பதிலைத் தேடாமல் உண்மையைச் சொன்னால் நாலும் ஒத்துப்போகும்.

டெக்னிக்கல் இன்டர்வியூவில் ஏ.டி.ஆர். பற்றிக் கேட்பார்கள். டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டும் தனித் தகுதி) இல்லாத புதியவரிடம் முழு சிஸ்டமும் கேட்க மாட்டார்கள். ஆனால் வேலைக்கு வருகிறவர் அந்த விமானத்தைப் பற்றித் தானாக எவ்வளவு தெரிந்துகொண்டிருக்கிறார் என்று பார்ப்பார்கள். ஏ.டி.ஆர். 72-600-இல் தனி ஏ.பி.யூ. (தரையில் கரண்ட்டும் காற்றும் கொடுக்கும் சின்ன இன்ஜின்) கிடையாது. தரையில் நிற்கும்போது வலது இன்ஜினை ஓடவிட்டு, அதன் புரொப்பல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிடுவார்கள். அந்த இன்ஜினே கரண்ட்டும் காற்றும் கொடுக்கும். இதற்கு ஹோட்டல் மோட் என்று பெயர். வசதி குறைந்த சின்ன விமான நிலையங்களுக்குப் போய்வரும் விமானத்துக்கு இது எவ்வளவு உதவும் என்று யோசித்துச் சொன்னால், படித்ததை ஒப்பிக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த கேள்வி அநேகமாக எல்லோரிடமும் கேட்பது: எந்த இன்ஜின் போனால் அதிகச் சிரமம்? இடது. பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு புரொப்பல்லரும் கடிகாரச் சுற்றில் ஓடுகின்றன. மூக்கு தூக்கியிருக்கும்போது கீழே இறங்கும் வலது பக்க பிளேடுதான் அதிகமாக இழுக்கும். அதனால் வலது இன்ஜினின் இழுவை உடம்பிலிருந்து தள்ளி விழுகிறது. இடது இன்ஜின் நின்று வலது மட்டும் இழுத்தால் விமானம் பலமாகத் திரும்பப் பார்க்கும். பேப்பரில் படம் போட்டு விளக்குங்கள். பேப்பரும் பேனாவும் கேட்பதில் தப்பில்லை.

விபத்துகளைப் பற்றியும் கேட்பார்கள். இரண்டையாவது முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள். 2015 பிப்ரவரி 4, தைபேயில் டிரான்ஸ்ஏசியா ஏ.டி.ஆர். 72-600 கிளம்பிய சிறிது நேரத்திலேயே வலது புரொப்பல்லர் தானாக ஃபெதர் ஆனது, அதாவது பிளேடுகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி, விமானத்தை இழுப்பதை நிறுத்திவிட்டன. கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது இன்ஜினை அணைத்துவிட்டார். 43 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரி 15, நேபாளத்தில் போக்ரா. இறங்கும் நேரத்தில் இறக்கையின் ஃபிளாப்பை இறக்கும் லிவருக்குப் பதிலாக, புரொப்பல்லரைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லிவர்களில் கை போய், இரண்டு புரொப்பல்லரும் ஃபெதர் ஆகிவிட்டதாக விசாரணை சொன்னது. 72 பேர். இரண்டு காக்பிட்டிலும் பக்கத்தில் இன்னொரு பைலட் இருந்தார். அந்த இன்னொரு இருக்கைக்குத்தான் உங்களை எடுக்கிறார்கள். எதை எந்த லிவர் செய்யும் என்று சொல்வதோடு நிறுத்திவிடாமல், பக்கத்தில் நீங்கள் இருந்திருந்தால் எந்த நொடியில் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றும் யோசித்து வையுங்கள்.

இனி சிமுலேட்டர். நான் தோற்ற இடம் அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு இரண்டு பேராக உள்ளே அனுப்புவார்கள். ஒருவர் ஓட்ட வேண்டும், மற்றவர் உதவ வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். அது நீங்கள் பார்த்தேயிராத விமானமாக இருக்கலாம். என்ன செய்யப் போகிறோம் என்று முன்பே சொல்லிவிடுவார்கள்: கிளம்புவது, ஒரு உயரத்தில் நேராகப் போவது, திரும்புவது, ஹோல்டிங் (ஓரிடத்தில் சுற்றிக் காத்திருப்பது), ஐ.எல்.எஸ். (ரேடியோ வழிகாட்டலில் ஓடுபாதைக்கு இறங்குவது), கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது). சில சமயம் ஒரு இன்ஜினை நிறுத்துவார்கள். எந்தக் கட்டத்தில் மூக்கு எத்தனை டிகிரி, பவர் எவ்வளவு என்று ஒரு தாளில் தருவார்கள். அந்த எண்களை முதல் நாள் இரவே மனப்பாடம் செய்து, நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கையால் ஓட்டிப் பாருங்கள். நான் அம்மாவின் அரிவாள்மணைப் பலகையை முன்னால் வைத்து, அதையே பவர் லிவராக நினைத்துப் பழகினேன்.

முதல் தடவை என்னோடு வந்தவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர், இரண்டு மடங்கு அனுபவம். அவர் ஓட்டும்போது 5,000 அடியில் நிற்க வேண்டிய விமானம் ஏறிக்கொண்டே போனது. 5,100, 5,200. எனக்குத் தெரிகிறது. பெரியவர், பார்த்திருப்பார், நாம் ஏன் குறுக்கே பேச வேண்டும் என்று இருந்துவிட்டேன். 5,300-இல் அவரே கவனித்து இறக்கினார். பிறகு என் முறை. நான் ஓட்டியது ஒரு குறையும் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் தேர்வாளர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "உயரம் கூடியதை எப்போது பார்த்தீர்கள்?"

"உடனே பார்த்தேன் சார்."

அவர் ஃபைலை மூடிவிட்டார்.

பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாம். அந்த மரியாதை நல்லதுதான், வீட்டில் நான் இன்றும் விடவில்லை. ஆனால் காக்பிட்டில் "ஆல்டிட்யூட்" என்று சத்தமாகச் சொல்வதுதான் பக்கத்தில் இருப்பவருக்குச் செய்யும் மரியாதை. இரண்டாவது தடவை என்னோடு இருந்தவருக்கு வேகம் குறைந்தபோது "ஸ்பீட்" என்றேன். "கரெக்டிங்" என்றார், சரிசெய்தார். அவ்வளவுதான், அவர் முகம் மாறவே இல்லை. என் ஐ.எல்.எஸ். அந்த முறை சுமாராகத்தான் இருந்தது. வலது பக்கம் ஒதுங்கியபோது ஒதுங்கியிருக்கிறேன், திருத்துகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லித் திருத்தினேன். 1,000 அடியில் இன்னும் நிலைப்படவில்லை என்று தோன்றியதும் கோ-அரவுண்ட் சொல்லி மேலே ஏற்றிவிட்டேன். தேறிவிட்டேன். மேலே ஏற்றியதற்காக யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை.

கடைசிக் கட்டம் நேர்காணல் குழு. ஒரு மூத்த கேப்டன், ஒரு ஹெச்.ஆர்., சில சமயம் பயிற்சித் துறையிலிருந்து ஒருவர். டி.ஜி.சி.ஏ. பாடங்களை எத்தனை தடவையில் முடித்தீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், ரெக்கார்டு இருக்கிறது. ஜெட் கிடைத்தால் போய்விடுவீர்களா என்று கேட்பார்கள். வாழ்நாள் முழுக்க இங்கேயே என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு நாளில் நாலு முறை கிளம்பி நாலு முறை இறங்கும் வேலை, அதில் கை பழகுவது போல வேறெதிலும் பழகாது என்று சொன்னேன். அது உண்மையும்கூட.

உங்களைவிட மூத்தவர் தவறு செய்தபோது என்ன செய்தீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். கிளப், கல்லூரி என்று கதை தேடாதீர்கள். நான் நண்டு வளையைச் சொன்னேன்.

எனக்குப் பதின்மூன்று வயது. ஐப்பசி மழை, சம்பா நட்டு இருபது நாள் இருக்கும். ராத்திரி பெரியப்பாவோடு டார்ச் எடுத்துக்கொண்டு தண்ணீர் பார்க்கப் போனேன். வாய்க்கால் வரப்பில் ஒரு நண்டு வளை, விரல் நுழையும் அளவுதான். அதன் வாயில் தண்ணீர் கலங்கலாக வந்துகொண்டிருந்தது. தெளிவாக வந்தால் வெறும் கசிவு. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். "பெரியப்பா, வளையில தண்ணி கலங்கி வருது" என்றேன். "காலையில பாத்துக்கலாம்மா" என்றார். கொஞ்ச தூரம் போய், "உடைஞ்சா கீழ வயல் நாத்தெல்லாம் முழுகிடும் பெரியப்பா" என்றேன். பேசாமல் நடந்தார். அப்புறம் நின்று, "நான் போய் மண்ணு வெட்டிப் போடவா?" என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

கேப்டன் கேட்டார்: "பெரியப்பா கோபப்பட்டாரா?"

"இல்லை சார். மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்."

பார்த்ததைச் சொல்வது, விட்டால் என்ன ஆகும் என்று சொல்வது, என்ன செய்யலாம் என்று சொல்வது. விமான நிறுவனங்கள் வகுப்பு வைத்துச் சொல்லித்தரும் படிகளும் இவைதான். அன்று நான் உடைந்த ஆங்கிலத்தில்தான் சொன்னேன். சின்னச் சின்ன வாக்கியம், நிறுத்தி நிறுத்தி. ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தெரியாத கேள்விக்குத் தெரியாது, எந்தப் புத்தகத்தில் பார்க்க வேண்டும் என்று தெரியும் என்றும் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

தேர்வானால் மெடிக்கல் பார்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்தபின் மூச்சுப் பரிசோதனை உண்டு, ஆல்கஹால் துளியும் இருக்கக் கூடாது. வயிற்றுக்கு நல்லது என்று பாட்டி கொடுக்கும் அரிஷ்டத்தில் புளிக்கவைப்பதால் உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது, சில மவுத்வாஷிலும் உண்டு. பயிற்சிக் காலத்திலேயே விட்டுவிடுங்கள், பாட்டியிடம் விளக்கியும் சொல்லிவிடுங்கள்.

பாண்ட் காகிதத்தை அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வாங்கி வந்து படியுங்கள். எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு, டைப் ரேட்டிங் செலவு யாருடையது என்று பாருங்கள். கோ-பைலட் வேலையை விட ஆறு மாத நோட்டீஸ் என்று டி.ஜி.சி.ஏ. விதி இருக்கிறது, அதுவும் நினைவில் இருக்கட்டும். அப்பாவையும் கூட உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள், கடன் அவர் பெயரில்தானே இருக்கிறது.

சித்தப்பா மகன் லாக்புக்கைக் கொடுத்தான், கொட்டகை விளக்கில் நான் கூட்டிப் பார்த்தேன். பதினேழாம் பக்கத்தில் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாக ஏறியிருந்தது. திருத்திய இடத்தில் கையெழுத்து வாங்க இன்று காலை பஸ்ஸில் பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்பிவிட்டான்.