சொட்டுநீர் மானியம்: சிட்டாவில் ஆரம்பியுங்கள்

தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். மத்திய அரசு தரும் பங்கோடு மாநில அரசு மேல்பணம் போடுவதால்தான் இந்த நூறு. எங்கள் மஞ்சள் காட்டுக்கு வாங்கியாயிற்று. எங்கே சிக்குமோ அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

1. காகிதம்: சிட்டா (நிலம் யார் பெயரில், எவ்வளவு என்று காட்டும் பதிவு), அடங்கல் (என்ன பயிர் என்று காட்டும் பதிவு), புல வரைபடம், ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, மண்-நீர் பரிசோதனை அறிக்கை. கூடவே தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) வழியாகத் தாசில்தாருக்குப் போகும்.

எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சிட்டாவை இறக்கியதும் பெயரைப் பாருங்கள். பட்டா இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால் மானியத்தை ஓரமாக வைத்துவிட்டு, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று அந்த வேலையை முதலில் முடியுங்கள். கூட்டுப் பட்டா என்றால் உங்கள் பாகம் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று விஏஓவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பங்காளிகளோடு பேச்சுவார்த்தை இருக்கும்போதே கையெழுத்து வாங்கி வைப்பது உத்தமம்.

பரப்பையும் கவனியுங்கள். சிட்டாவில் ஹெக்டேர்-ஏர் கணக்கு. நாம் பேசுவது ஏக்கர்-சென்ட். '0 - 81.00' என்றிருந்தால் அது 81 சென்ட் அல்ல, 81 ஏர், அதாவது இரண்டு ஏக்கர். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட்.

2. பதிவு: மிமிஸ் (MIMIS) என்ற அரசின் நுண்ணீர்ப் பாசன இணையதளத்திலோ உழவன் செயலியிலோ பதியலாம். எனக்குச் செயலியைவிடக் கம்ப்யூட்டரில் செய்வதுதான் பிடிக்கும். ஸ்கேன் செய்ததைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஏற்றலாம். மஞ்சள், வாழை, காய்கறி என்றால் தோட்டக்கலைத் துறை. கரும்பு, மக்காச்சோளம் என்றால் வேளாண்மைத் துறை. மாற்றிப் பதிந்தால் அலைச்சல்தான்.

3. கம்பெனி: அரசுப் பட்டியலில் உள்ளதில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். விலையெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்து ஊரில் டீலரும், கூப்பிட்டால் வரும் ஃபிட்டரும் யாருக்கு இருக்கிறார்களோ அவர்களையே எடுங்கள். மஞ்சளுக்கு 16 எம்எம் இன்லைன் டியூப், அதாவது சொட்டுவான் உள்ளேயே பதிந்து வரும் குழாய். தென்னைக்கு மரத்தடியில் தனியாகக் குத்தும் டிரிப்பர். ஃபில்டரில் நான் டிஸ்க் (வட்டத் தட்டுகளை அடுக்கிய ஃபில்டர்) கட்சி. வலை ஃபில்டரைவிட அழுக்கை நன்றாகப் பிடிக்கும், கழற்றிக் கழுவவும் சுலபம். பாசி பிடித்த கிணற்றுத் தண்ணீர் என்றால் அதற்கு முன்னால் மணல் ஃபில்டரும் கேளுங்கள்.

கொட்டேஷனில் பாருக்குப் பார் (பயிர் வரிசைக்கு வரிசை) இடைவெளியைச் சரிபாருங்கள். மானியத் தொகை அதை வைத்துத்தான் நிர்ணயமாகும். நெருக்கிப் போட்டால் டியூப் கூடும். அரசு நிர்ணயித்த தொகைக்கு மேல் போனால் 100 சதவீதக்காரரும் கைக்காசு போட வேண்டும். பள்ளம் தோண்டுகிற கூலி யாருடையது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

4. பணி ஆணை வந்தபின் குழாய் பதிப்பார்கள். பிறகு அதிகாரிகள் வந்து காட்டில் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். மானியம் நேராகக் கம்பெனிக்குப் போய்விடும், உங்கள் கணக்குக்கு வராது. அதனால் மோட்டாரைப் போட்டுக் கடைசிப் பார் வரை சொட்டுகிறதா என்று நடந்து பார்த்தபிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பின்சேர்க்கை: விலைக்கு வாங்கிய நிலத்துக்குக் கிடைக்குமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்த சர்வே எண்ணுக்குப் பழைய உரிமையாளர் மானியம் வாங்கியிருந்தால் 7 வருஷம் கழியாமல் மறுபடி கிடைக்காது. கிரயத்துக்கு முன்பே விசாரியுங்கள். குத்தகை நிலம் என்றால் 7 வருஷத்துக்குக் குறையாத ஒப்பந்தம் வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகை செல்லாது.