குளிரில் வெடிக்கும் கைகள்: குழாயை மூடிய அடுத்த நிமிடம்

கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் ஒரு வெடிப்பு. நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனால் சட்டைப் பொத்தானைப் போடும்போதும் பைக்குள் சாவியைத் துழாவும்போதும் சுருக்கென்று உயிர் போகிறது. வெள்ளையாகக் கெட்டித்துப்போன அதன் விளிம்பு கம்பளி நூலில் மாட்டி இழுக்கிறது. இரவு கிரீம் தடவினால் காலையில் கொஞ்சம் பரவாயில்லை, மதியத்துக்குள் மறுபடி பழைய நிலைமை. இந்தக் கட்டத்தில் பலரும் செய்வது கிரீமை மாற்றுவது. பெரும்பாலும் கோளாறு கிரீமில் இல்லை. கை கழுவுகிற விதத்திலும், கழுவி முடித்து எதையும் தடவாமல் விட்டுவிடுகிற நேரத்திலும்தான் இருக்கிறது.

குளிர் வந்தால் ஏன் வெடிக்கிறது

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். இறந்த செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே சாந்தாக இருப்பது கொழுப்பு. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்று மூன்று வகை. இந்தச் சாந்து சரியாக இருந்தால் உள்ளிருக்கும் நீர் சீக்கிரம் வெளியேறாது. மேலடுக்கில் 10 சதவீதமாவது நீர் இருந்தால்தான் தோல் வளைந்து கொடுக்கும். அதற்குக் கீழே போனால் விறைத்துப்போகும். விறைத்ததை மடக்கினால் மடிப்பில் பிளக்கும். விரல் கணு, நக ஓரம், கட்டைவிரல் அடி ஆகிய இடங்களிலேயே வெடிப்பு வருவது இதனால்தான்.

உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. புறங்கையில் கொஞ்சம் உண்டு, ஆனால் அங்கே தோல் மெலிது. முகத்தில் சோப்பு போட்டால் சில மணி நேரத்தில் எண்ணெய் ஊறிவிடும். கைக்கு அந்த வசதி இல்லை.

அடுத்தது காற்று. 0 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 5 கிராமுக்கும் சற்றுக் குறைவான நீராவியையே தாங்கும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம் தாங்கும். வெளியே பனிமூட்டம் கவிந்திருந்தாலும், அந்தக் காற்றை வீட்டுக்குள் விட்டு ஹீட்டரால் 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். 'வெளியே ஈரமாகத்தானே இருக்கிறது, கை ஏன் காய்கிறது' என்ற கேள்விக்குப் பதில் இதுதான். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி வைத்துப் பாருங்கள். 30-க்குக் கீழே காட்டினால் படுக்கையறையில் ஹியூமிடிஃபையர் வைப்பது பலன் தரும். 40 முதல் 50 போதும். அதற்கு மேலே ஏற்றினால் ஜன்னலோரம் நீர் கோத்து, சுவரில் பூஞ்சை பிடிக்கும். கருவியின் தொட்டித் தண்ணீரை நாள்தோறும் மாற்றவும் வேண்டும்.

கழுவுவதைத் திருத்தாமல் எதுவும் நடக்காது

கட்டிச் சோப்பின் காரத்தன்மை பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். தோலோ லேசான அமிலம், ஏறத்தாழ 5. ஒவ்வொரு முறை சோப்பு போடும்போதும் அழுக்கோடு சாந்தும் கொஞ்சம் கரைந்து போகிறது. வெந்நீர் அதை இன்னும் வேகமாகக் கரைக்கும். கை தாங்குகிற சூட்டில் கிருமி ஒன்றும் சாகப்போவதில்லை. நுரையும் தேய்ப்பும் சேர்ந்துதான் அவற்றைக் கழுவி வெளியேற்றுகின்றன. குளிரில் விறைத்த கையை வெந்நீரில் காட்டுவது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சுகத்துக்கு மாலையில் விலை கொடுக்க வேண்டிவரும். வெதுவெதுப்பான நீர் போதும்.

வாசனையில்லாத, 'சோப்பு இல்லாத' கிளென்சர் கிடைத்தால் அதற்கு மாறுங்கள். நுரை குறைவாக வரும். அதனால் சுத்தமாகவில்லை என்று அர்த்தமில்லை. 20 வினாடி தேய்த்து, விரலிடுக்குகளிலிருந்தும் நுரை முழுவதும் போகும்படி அலசவும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கழுவவும். மோதிரத்தடியில் தங்கும் சோப்பு நாள் முழுக்க அதே இடத்தை அரித்துக்கொண்டிருக்கும். ஒரே விரலில் வளையம்போலச் சிவந்து உரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். அடுத்தபடியாக, மோதிரத்தில் கலந்திருக்கும் நிக்கல்.

துடைக்கும்போது தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். ஈரக் கையோடு குளிர்காற்றில் இறங்குவதைப் போலக் கெடுதல் வேறில்லை.

சானிடைசர் கையைக் காய வைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். கிளிசரின் சேர்ந்த ஆல்கஹால் சானிடைசர், அடிக்கடி சோப்பு போடுவதைவிடத் தோலுக்குக் குறைவான சேதத்தையே செய்கிறது. வெடிப்பில் பட்டால் எரியும். அது ஏற்கெனவே இருக்கிற பிளவின் எரிச்சல். கையில் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு, எண்ணெய் இருந்தாலும், கழிப்பறை போய்வந்தாலும் சோப்புதான். மற்ற சமயங்களில் சானிடைசர் தாராளமாகப் போதும். சோப்பு போட்ட கையோடு உடனே சானிடைசரும் போடுவது மட்டும் வேண்டாம்.

எதைத் தடவுவது, எவ்வளவு, எப்போது

ஒற்றி எடுத்த கையில் இன்னும் லேசான ஈரம் இருக்கும்போதே தடவ வேண்டும். குழாயை மூடி மூன்று நிமிடத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் கிரீமின் பெயரைவிட முக்கியம். அதனால் டியூப் இருக்க வேண்டிய இடம் அலமாரி இல்லை. ஒவ்வொரு குழாயடியிலும் ஒன்று, பையில் ஒன்று.

டப்பாவில் எழுதியிருப்பதைப் புரட்டிப் பார்த்தால் மூன்று வேலை செய்கிற பொருள்கள் தெரியும். கிளிசரின், யூரியா போன்றவை நீரை இழுத்துப் பிடிப்பவை. செராமைடு, எண்ணெய் வகைகள் இடுக்குகளை நிரப்புபவை. பெட்ரோலியம் ஜெல்லி, லானோலின், டைமெத்திகோன் போன்றவை மேலே மூடி போடுபவை. பம்ப் பாட்டிலில் வருகிற லோஷனில் பெரும்பகுதி தண்ணீர். தடவ இதமாக இருக்கும், வெடித்த கைக்குப் பற்றாது. பகலில் டியூபிலோ டப்பாவிலோ வருகிற கெட்டியான கிரீம், இரவில் களிம்பு என்று பிரித்துக்கொள்வது நல்லது. வெறும் பெட்ரோலியம் ஜெல்லியே இரவுக்குப் போதும். வாசனை இல்லை, பாதுகாப்புப் பொருள்கள் இல்லை, ஒவ்வாமை வருவது அபூர்வம். தேங்காய் எண்ணெய் இடுக்கை நிரப்பும், ஆனால் மூடியாக ஜெல்லி அளவுக்கு நிற்காது. அதைத் தடவி மேலே ஜெல்லி பூசினால் சரி. சுத்த கிளிசரினை அப்படியே தடவாதீர்கள். வறண்ட காற்றில் இழுக்க ஈரம் இல்லாதபோது அது தோலின் அடியிலிருந்தே இழுக்கப் பார்க்கும்.

யூரியாவில் அளவு முக்கியம். 5 முதல் 10 சதவீதம் ஈரம் பிடிக்கும். 20-க்கு மேலே போனால் கெட்டித் தோலைக் கரைக்கிற வேலை தொடங்கிவிடும், அது காய்ப்புக்குத்தான். எதுவானாலும் திறந்த வெடிப்பில் யூரியா காந்தும். பிளவு மூடும்வரை ஜெல்லி, பிறகு யூரியா.

அளவில்தான் பலரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது ஒரு கையின் இரு பக்கத்துக்கு. இரண்டு கைக்கும் ஒரு கிராம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை என்றால் 50 கிராம் டியூப் பத்து நாளில் தீர வேண்டும். இரண்டு மாதமாக ஒரே டியூப் ஓடுகிறது என்றால், நீங்கள் தடவவில்லை, தொட்டு வைக்கிறீர்கள்.

கை பிசுபிசுக்கிறது, போனைப் பிடிக்க முடியவில்லை என்பவர்கள் உள்ளங்கையில் பிதுக்குவதை விடுங்கள். ஒரு புறங்கையில் பிதுக்கி, இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று தேயுங்கள். பிறகு விரல் பக்கவாட்டு, இடுக்கு. மிச்சத்தை ஒவ்வொரு நகத்தைச் சுற்றியும் விரல் நுனியால் வட்டமாக அழுத்துங்கள். உள்ளங்கைக்குக் கடைசியில் ஒட்டியிருப்பது போகும்.

இரவுச் சிகிச்சை

கை மோசமாக இருந்தால் வாரத்தில் இரண்டு மூன்று இரவு இதைச் செய்யலாம். வெதுவெதுப்பான வெறும் நீரில் பத்து நிமிடம் கையை ஊறவிடவும். சோப்பு, உப்பு, எலுமிச்சை எதுவும் வேண்டாம். ஒற்றி எடுத்ததும் களிம்பைத் தாராளமாகப் பூசி, பருத்திக் கையுறை மாட்டிக்கொள்ளவும். கம்பளியோ நைலானோ அரிக்கும். விடியும்வரை தாங்காவிட்டால் இரண்டு மணி நேரமாவது போட்டிருக்கலாம். ஊறவைத்துவிட்டுக் களிம்பை மறந்தீர்களானால், ஊறவைக்காமலே இருந்திருக்கலாம். ஊறிய தோல் முன்பைவிட வேகமாகக் காயும்.

களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுக்கப் போகாது. அந்தக் கையுறையோடு அடுப்புப் பக்கமோ, சிகரெட் பக்கமோ, ஹீட்டர் பக்கமோ போகக் கூடாது.

பிளந்துவிட்ட இடம்

பிளவு ஆறாமல் இழுத்தடிப்பதற்குக் காரணம் அதன் இரண்டு கரைகளும் கெட்டித்திருப்பதுதான். நடுவில் புதுத்தோல் வளர்ந்தாலும், விரலை மடக்கியதும் கெட்டிக்கரைகள் அதை மறுபடி கிழித்துவிடும். எனவே முதலில் கரையைக் குறைக்க வேண்டும். ஊறவைத்து ஒற்றியெடுத்த பிறகு, நக அரத்தின் மெல்லிய பக்கத்தால் கரையை மட்டும் நாலைந்து தடவை, ஒரே திசையில், மெதுவாக. ரத்தம் தெரிந்தால் அளவு மீறிவிட்டீர்கள். தொங்கும் தோலைப் பிய்க்காமல் சின்னக் கத்தரியால் நறுக்கவும்.

அடுத்து பிளவை மூட வேண்டும். பகலில் வேலை செய்கிற கைக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் திரவ பேண்டேஜ் அல்லது தோல் பசை சௌகரியம். கையைக் கழுவி நன்றாக உலர்த்தி, கரைகளைச் சேர்த்துப் பிடித்து, மேலே மெல்லிய ஒரு பூச்சு. ஒரு நிமிடம் காயவிடவும். வலி அப்போதே பாதி குறையும், ஏனென்றால் காற்றும் நீரும் உள்ளே படுவதில்லை. இங்கே நடக்கிற வழக்கமான தவறு, கிரீம் தடவிய விரலில் பசை வைப்பது. ஒட்டவே ஒட்டாது. பசை முதலில், கிரீம் அது காய்ந்த பிறகு சுற்றிலும். வீட்டில் பொருள் ஒட்டுகிற சூப்பர் குளூ வேண்டாம். காயும்போது சூடாகும், தோலை உறுத்தும். சிவந்து வீங்கிய, சீழ் உள்ள பிளவை எந்தப் பசையாலும் மூடக் கூடாது.

பசை பிடிக்காதவர்கள் ஜெல்லி தடவி மேலே பிளாஸ்திரி சுற்றலாம். சுத்தமான வெடிப்புக்கு ஆன்டிபயாட்டிக் களிம்பு தேவையில்லை. நியோமைசின் கலந்தவை பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பி, கையை இன்னும் கெடுக்கும்.

கையுறைக் கணக்கு

வெளியே போகும்போது, கை சூடாக இருக்கையிலேயே, கதவுக்கு உள்ளேயே கையுறையை மாட்டவும். பாத்திரம், துணி, தரை துடைப்பு என்று நீரில் கை வைக்கிற வேலைக்கு ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை. வியர்த்து நனைந்தால் உள் கையுறையை மாற்றவும். ஈரத்தோடு மூடிய கை சோப்பு நீரில் ஊறுவது போலத்தான். லேடெக்ஸ் கையுறையும் பெட்ரோலியம் ஜெல்லியும் சேராது. ஜெல்லி லேடெக்ஸை இளக்கிக் கிழிய வைத்துவிடும்.

எப்போது மருத்துவர்

பார்வைக்கு ஆறிய பிறகும் தோலின் சாந்து பழைய நிலைக்கு வரச் சில வாரம் ஆகும், அதுவரை தடவுவதை நிறுத்த வேண்டாம். ஆனால் இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லையென்றால் அது வெறும் வறட்சி இல்லை. நீர்க்கொப்புளமும் தாங்க முடியாத அரிப்பும் இருந்தால் எக்சிமாவாகவோ ஒவ்வாமையாகவோ இருக்கலாம். சுற்றிலும் சிவப்பு பரவுவது, சூடாக வீங்குவது, சீழ், கையில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, காய்ச்சல் ஆகியவை அன்றைக்கே காட்ட வேண்டியவை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆறாத வெடிப்பை இரண்டு வாரம்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. குளிரில் விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்தால் அது ரத்த ஓட்டத்தின் விஷயம், கிரீமால் தீராது.

ஒரே ஒரு கை மட்டும் காய்ந்து, உள்ளங்கை ரேகைகளில் மாவு தூவியது போல வெள்ளையாகத் தெரிந்தால், செருப்பைக் கழற்றிப் பாதத்தையும் பாருங்கள். அங்கேயும் உரிந்திருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் ஸ்டீராய்டு கிரீம் போட்டால் நாலு நாள் அரிப்பு அடங்கும், பூஞ்சை மட்டும் நிம்மதியாகப் பரவும்.