பாட்டிலிலேயே தோற்றுப்போகும் வழக்குகள்

புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், ஆலைக் கழிவுநீரைக் குடிதண்ணீர் பாட்டிலில் பிடித்து, தோள்பையில் வைத்திருந்து மறுநாள் லேப்பில் கொடுத்திருக்கிறார். திட்ட வாயெடுத்தேன். முதல் வருடம் நானும் இதையேதான் செய்தேன் என்பது ஞாபகம் வர, அடக்கிக்கொண்டேன். நகரத்து ஆற்றையும் காற்றையும் காக்கச் சட்டங்களுக்குக் குறைவில்லை. அவற்றை அமல்படுத்தப் போகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன். லஞ்சம், சோம்பல் எல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடலாம்.

எல்லாச் சோதனைக்கும் ஒரே பாட்டில்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். உலோக முலாம் பூசும் ஆலை அது. பின்பக்கக் குழாயடியில் இறங்கி ஒரே பாட்டிலில் நீரைப் பிடித்தேன். அன்று இன்னும் மூன்று இடம் பாக்கி. பாட்டில் வெயிலில் நின்ற ஜீப்பிலேயே கிடந்தது. இரண்டு நாள் கழித்து லேப்புக்குப் போனது. எல்லாமே வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை வந்தது.

நிக்கல், துத்தநாகம் போன்ற உலோகங்கள் பாட்டிலின் உட்சுவரில் படிந்துவிடும். அதனால் நைட்ரிக் அமிலம் விட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஆனால் அமிலம் விட்ட நீரில் பி.ஓ.டி. பார்க்க முடியாது. நுண்ணுயிரிகள் கரிமக் கழிவைத் தின்ன எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகிறது என்பதைத்தானே அந்தச் சோதனை அளக்கிறது? அதற்குத் தனி பாட்டில், ஐஸ் பெட்டி. சூட்டில் விட்டால் லேப் போகும் வழியிலேயே அவை தின்னத் தொடங்கிவிடும். எண்ணெய்க்குக் கண்ணாடி பாட்டில். பி.எச். அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். அமிலம் விடாதது, வெயிலில் போட்டது என்று நான் செய்த இரண்டு தவறுமே அளவைக் குறைத்துத்தான் காட்டும். ஆலைக்காரருக்கு அதைவிட என்ன வேண்டும்?

சரி, மறுபடி போய் முறைப்படி எடுத்தேன். வரம்பைத் தாண்டியிருந்தது. விசாரணையில் எதிர்த்தரப்பு ஒன்றே ஒன்றுதான் கேட்டது: சீல் வைத்தபின் பாட்டில் யார் யார் கையில், எத்தனை மணிக்கு இருந்தது? லேப்புக்குக் கொண்டுபோன டிரைவரின் கையெழுத்து படிவத்தில் இல்லை. வழக்கு போயிற்று. அந்தக் குழாய் இன்னும் இரண்டு வருடம் ஓடியது. கை மாறும் ஒவ்வொரு முறையும் பெயர், நேரம், கையெழுத்து வாங்குங்கள்.

பகலில் மட்டும் ஆய்வு

நீங்கள் பகலில்தான் வருவீர்கள் என்று தெரிந்தால், கழிவை இரவில் திறந்துவிடுவார்கள். இரவு இரண்டு மணிக்குப் போங்கள்.

சான்றிதழோடு திருப்தி அடைவது

சோதனைக்கூடத்தில் தேறிய ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள், சாலையில் நைட்ரஜன் ஆக்ஸைடை வரம்பைப்போல 40 மடங்கு வரை கக்கியது 2015ல் வெளியானது. சான்றிதழ் இருந்தாலும், ஓடும்போது அளந்து பாருங்கள்.

அபராதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது

முதலில் மின்கட்டண பில்லைக் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டாமல் எவ்வளவு மிச்சம் பிடித்தார்கள் என்பது அதில் ஓரளவு தெரிந்துவிடும். அபராதம் அதைத் தாண்டாவிட்டால் நீங்கள் வாசலைத் தாண்டியதுமே சுத்திகரிப்பு மோட்டார் நின்றுவிடும்.

மாற்று காட்டாமல் தடை

1952 டிசம்பரில் லண்டன் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1956ல் வந்த தூய காற்றுச் சட்டம், புகை கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்த இடங்களில் வீட்டுப் புகைபோக்கியையும் கட்டுப்படுத்தியது. அதோடு, அடுப்பை மாற்றும் செலவில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுக்கவும் வழிசெய்தது. நம் ஆட்கள் பிளாஸ்டிக் பைக்கான தடை உத்தரவை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறார்கள். அப்புறம் ஒரு மாதம் கழித்துப் போனால், தடை செய்த பை கல்லாவுக்கு அடியில் இருக்கிறது.