கூடாரத்தில் மணிக்கு ஒரு படுக்கை

போன பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம், அனுமதி கேட்டு ஒரு தேயிலை மேட்டில் கூடாரம் போட்டோம். 1,800 மீற்றருக்கு மேல். அந்த மாதத்தில் விடிகாலைப் புல்லில் உறைபனிகூடப் படியும். எங்கள் மணி 34 கிலோ லெப்ரடோர் நாய். கம்பளியை மடித்து விரித்தால் போதும் என்று நினைத்தேன். நள்ளிரவில் நடுங்கிக்கொண்டு என்மேல் ஏறிப் படுத்தான். கம்பளியின் அடிப்பக்கம் ஒரே ஈரம். பாவம், விடியும்வரை அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கிடந்தேன்.

குளிர் வந்தது கீழிருந்துதான். பெரிய நாயின் பாரத்தில் கம்பளி அமுங்கிவிடும், உள்ளே காற்று நிற்காது, உடம்புச் சூட்டைத் தரை இழுத்துக்கொள்ளும். காற்றடிக்கும் மெத்தை வேண்டாம், நகம் பட்டால் முடிந்தது.

அடுத்த முறை முதலில் படங்கு, அதன்மேல் யோகாப் பாய் இரண்டு, அப்புறம் சுத்தமான அரிசிச் சாக்குகளை மடித்துப் போட்டு, கடைசியில் கம்பளி. அவன் கைகால் நீட்டிப் படுக்கும் நீளத்தை வீட்டிலேயே அளந்து வைத்தேன். புது இடமென்று மிரளாமல் இருக்க ஒரு வாரம் அதிலேயே படுக்கவும் பழக்கினேன்.

உள்ளே விடுமுன் விரலிடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பார்த்து, ஈரத்தைத் துடைத்துவிட்டேன். அன்று விடியும்வரை மணி அசையவே இல்லை.