டூரிங் அவார்டு லிஸ்ட்டை வச்சு கம்ப்யூட்டர் வரலாறு படிக்கிறது எப்படி?

கம்ப்யூட்டர் வரலாறை முதல்லருந்து வரிசையா படிக்க உட்காந்தா அபாகஸ்ல ஆரம்பிச்சு வேக்யூம் ட்யூப் வர்றதுக்குள்ள பாதி பேருக்கு தூக்கம் வந்துரும். அவார்டு லிஸ்ட் வழியா உள்ள போறது எவ்வளவோ சுலபம், ஏன்னா யாரு என்ன பண்ணாங்கன்னு விஷயம் தெரிஞ்சவங்க ஏற்கனவே சலிச்சு எடுத்து வச்சிருக்காங்க. ஆனா ஜிகே புக்ல வர்ற மாதிரி பேரையும் வருஷத்தையும் உருப்போட்டா ஒண்ணும் ஒட்டாது, அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. ஒரு ப்ரவுசர், ஒரு நோட்டு, அவ்ளோதான் வேணும்.

ஸ்டெப் 1: ஆளை விட்டுட்டு பொருளை பிடிங்க

நீங்க தினமும் தொடுற ஒரு விஷயத்தை எடுத்துக்கோங்க. நான் இங்க ப்ரவுசர்ல தெரியுற பூட்டு ஐகானை எடுத்துக்கறேன். அதுக்கு பின்னாடி இருக்கற கேள்வி இதுதான்: இதுக்கு முன்னாடி சந்திச்சதே இல்லாத ரெண்டு பேரு, எல்லாரும் ஒட்டுக்கேக்கக்கூடிய லைன்ல பேசியே ஒரு ரகசிய சாவியை எப்படி முடிவு பண்றது? அதுக்கு பதில்தான் பப்ளிக் கீ கிரிப்டோகிராஃபி, அதாவது பூட்டறதுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு சாவி, திறக்கறதுக்கு ரகசியமா வேற சாவின்னு வச்சுக்கற முறை. இந்த வார்த்தையை நோட்டுல எழுதிட்டு அடுத்ததுக்கு போங்க.

ஸ்டெப் 2: எந்த லிஸ்ட் எதுக்குன்னு தெரிஞ்சுக்கோங்க

பெருசு டூரிங் அவார்டு. கம்ப்யூட்டர் துறைக்காரங்களோட சங்கமான ஏசிஎம் 1966லருந்து குடுக்குது, முதல்ல வாங்கினவர் ஆலன் பெர்லிஸ், இப்ப கூகுள் காசுல 10 லட்சம் டாலர் பரிசு. கம்ப்யூட்டிங்குக்குன்னு நோபல் கிடையாது, அதனாலதான் இதை கம்ப்யூட்டர் உலகத்து நோபல்னு சொல்றாங்க.

இன்ஜினியர்கள் சங்கமான ஐ-ட்ரிபிள்-இயோட (IEEE) கம்ப்யூட்டர் சொசைட்டி குடுக்கற கம்ப்யூட்டர் பயனியர் அவார்டு வேற ரகம், பண்ண வேலைக்கு குறைஞ்சது 15 வருஷமாவது ஆகியிருக்கணும்னு அதுல ரூலே இருக்கு. அதாவது காலத்துல நின்னுச்சான்னு பாத்துட்டுதான் குடுப்பாங்க. இதுக்கு நேரெதிர் ஏசிஎம்மோட கிரேஸ் மரே ஹாப்பர் அவார்டு, அது 35 வயசுக்குள்ள பண்ண சாதனைக்கு, 1971ல முதல்ல வாங்கினவர் டொனால்ட் கனூத். மவுன்டன் வியூல இருக்கற கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் 1987லருந்து ஃபெல்லோ பட்டம் குடுக்குது, அதுல முதல் ஆளு கிரேஸ் ஹாப்பரேதான். இன்டர்நெட் சம்பந்தமா தேடறீங்கன்னா 2012ல ஆரம்பிச்ச இன்டர்நெட் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கு. இப்போதைக்கு இது போதும், எல்லா அவார்டையும் தேடி அலைய வேணாம்.

ஸ்டெப் 3: எதுக்கு குடுத்தாங்கங்கற வரியை படிங்க

பெரும்பாலானவங்க விட்டுடறது இதைத்தான். ஒவ்வொரு டூரிங் அவார்டுக்கும் ஒரு வரி சைட்டேஷன் இருக்கும். நம்ம பூட்டு விஷயத்துக்கு ரெண்டு அவார்டு கிடைக்குது. 2002ல ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன், அதாவது ஆர்எஸ்ஏங்கற பப்ளிக் கீ முறையோட பேருல இருக்கற மூணு பேரு. 2015ல விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மேன். சைட்டேஷனை பாத்தீங்கன்னா ஆர்எஸ்ஏ காரங்களுக்கு பப்ளிக் கீயை நடைமுறைக்கு கொண்டு வந்ததுக்குன்னு இருக்கும், டிஃபி-ஹெல்மேனுக்கு அந்த ஐடியாவையே கண்டுபிடிச்சதுக்குன்னு இருக்கும். பேரை மட்டும் படிச்சிருந்தா அஞ்சு பேரும் ஒரே வேலைக்கு வாங்கினாங்கன்னுதான் நினைச்சிருப்பீங்க.

ஸ்டெப் 4: வருஷ இடைவெளியை கணக்கு போடுங்க

வேலை பண்ண வருஷம், அவார்டு வருஷம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. டிஃபி-ஹெல்மேன் பேப்பர் 1976, அவார்டு 2015, 39 வருஷம். ஆர்எஸ்ஏ அதுக்கு அடுத்த வருஷம் 1977ல வந்தது, அவார்டு 2002, 25 வருஷம். ஐடியா குடுத்தவங்களுக்கு 13 வருஷம் லேட்டா, அதை ஓட வச்சவங்களுக்கு முதல்லயே! எனக்கு இது வரிசை தலைகீழாத்தான் தெரியுது.

மத்ததையும் ஒப்பிட்டு பாருங்க. யூனிக்ஸ்ங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டம் 1969ல ஆரம்பிச்சது, தாம்ப்சனுக்கும் ரிட்சிக்கும் 1983லயே குடுத்துட்டாங்க. இன்டர்நெட்ல டேட்டா போற விதிமுறையான டிசிபி பத்தின பேப்பர் 1974, செர்ஃபுக்கும் கானுக்கும் 2004. கம்ப்யூட்டர்களை கேபிள்ல இணைக்கற ஈதர்நெட் 1973, மெட்காஃபுக்கு 2022 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்க ஒரு குழப்பம் வரும், டூரிங் அவார்டுல போட்டிருக்கற வருஷமும் அறிவிக்கற வருஷமும் ஒண்ணு கிடையாது. அவி விக்டர்சனோட 2023 அவார்டை அறிவிச்சது 2024 ஏப்ரல்ல. ரெண்டு சைட்ல ரெண்டு வருஷம் பாத்தா பதறாதீங்க.

ஸ்டெப் 5: யாரு விட்டுப்போனாங்கன்னு தேடுங்க

இதுலதான் வரலாறே ஒளிஞ்சிருக்கு, இதுக்கு மட்டும் நிதானமா டைம் குடுங்க. வழி சிம்பிள்: அதே கண்டுபிடிப்புக்கு வேற அவார்டு குடுத்திருக்காங்களான்னு பாத்து பேர்களை ஒப்பிடுங்க. 1996ல ஏசிஎம்மோட கனெல்லாக்கிஸ் அவார்டு பப்ளிக் கீக்காக ஆறு பேருக்கு போச்சு. மேல சொன்ன அஞ்சு பேரு, கூட ரால்ஃப் மெர்க்கல். 2010ல ஐ-ட்ரிபிள்-இ ஹேமிங் மெடலும் டிஃபி, ஹெல்மேன், மெர்க்கல் மூணு பேருக்கும் சேத்துதான். ஆனா 2015 டூரிங்ல மெர்க்கல் பேரு இல்ல. இத்தனைக்கும் அந்த முறைக்கு பேரு வைக்கறதா இருந்தா மெர்க்கல் பேரையும் சேக்கணும்னு ஹெல்மேனே 2002ல எழுதியிருக்காரு.

இன்னும் தோண்டினா பிரிட்டிஷ் உளவு அமைப்பு ஜிசிஎச்க்யூல ஜேம்ஸ் எல்லிஸ், கிளிஃபோர்ட் காக்ஸ், மால்கம் வில்லியம்சன்னு மூணு பேரு வருவாங்க. ஆர்எஸ்ஏ மாதிரி ஒண்ணை காக்ஸ் 1973லயே கண்டுபிடிச்சிட்டாரு, ஆனா எல்லாம் ரகசியம், வெளிய சொன்னது 1997 டிசம்பர்ல. எல்லிஸ் அதுக்கு சில வாரம் முன்னாடிதான் இறந்துபோனாரு.

அதே மாதிரி எனியாக்ங்கற ஆரம்பகால கம்ப்யூட்டர் மெஷினுக்கு ப்ரோக்ராம் எழுதின ஆறு பெண்கள். மெஷினை உலகத்துக்கு காட்டினது 1946ல, அந்த ஆறு பேர்ல ஒருத்தரான ஜீன் பார்ட்டிக்குக்கு கம்ப்யூட்டர் பயனியர் அவார்டு வந்தது 2008ல.

ஸ்டெப் 6: வெளிய இருக்கற பரிசையும் ஒரு பார்வை

ஐசி சிப்புக்காக (ஒரே துண்டுல முழு சர்க்யூட்டும் இருக்கறது) ஜாக் கில்பிக்கு 2000ல இயற்பியல் நோபல் கிடைச்சது. தனியா அதே சமயத்துல அதை உருவாக்கின ராபர்ட் நாய்ஸ் 1990லயே இறந்துட்டாரு, நோபல் இறந்தவங்களுக்கு குடுக்க மாட்டாங்க. ஏஐ ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஹின்டன் மாதிரி 2018ல டூரிங், 2024ல இயற்பியல் நோபல்னு ரெண்டும் வாங்கின ஆளும் இருக்காங்க.

ஸ்டெப் 7: நீங்களே ஒண்ணு பண்ணி பாருங்க

நோட்டுல பொருள், ஆளு, வேலை வருஷம், அவார்டு வருஷம், விட்டுப்போனவங்கன்னு கட்டம் போட்டுக்கோங்க. முதல் பயிற்சிக்கு டேட்டாபேஸ் நல்ல சாய்ஸ், டூரிங் லிஸ்ட்லயே பாக்மேன் 1973, காட் 1981, கிரே 1998, ஸ்டோன்பிரேக்கர் 2014னு நாலு பேரு இருக்காங்க. இதுல பாக்மேன், காட் ரெண்டு பேரும் டேட்டாவை எப்படி அடுக்கறதுங்கறதுல எதிரெதிர் கட்சி, 1974ல நேருக்கு நேர் விவாதமே நடந்துச்சு, கடைசில ரெண்டு பேருக்கும் அதே அவார்டு. அந்த ரெண்டு சைட்டேஷனையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிக்கறதுலருந்து ஆரம்பிங்க.