எமிலியாவில் காரோட்டி ஊர் ஊராகச் சாப்பிடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட இத்தாலியின் எமிலியா பகுதி வரைபடத்தில் மிக எளிதாகத் தெரியும். கிமு 187இல் ரோமானிய கான்சல் மார்க்குஸ் எமிலியுஸ் லெபிடுஸ் ரிமினியிலிருந்து பியாச்சென்ஸா வரை ஏறக்குறைய நேர்க்கோடாக அமைத்த சாலையின் மேல் பொலோனியா, மோடெனா, ரெஜ்ஜோ எமிலியா, பார்மா ஆகிய நகரங்கள் நூலில் கோத்த மணிகளைப் போல வரிசையாக இருக்கின்றன. அந்தச் சாலையின் பெயரே பின்னர் நிலத்துக்கும் பெயராயிற்று. பியாச்சென்ஸாவிலிருந்து பொலோனியா ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். ஏ1 விரைவுச்சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். முதல் தவறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. காலையில் பார்மா, மதியம் மோடெனா, இரவு பொலோனியா என்று பலர் திட்டம் போடுகிறார்கள். மூன்று நகரங்களும் முதன்மை ரயில் பாதையிலேயே இருப்பதால், நகரங்களை மட்டும் பார்ப்பதற்குக் கார் தேவையே இல்லை.

இங்கே காரின் வேலை வேறு. ரயில் போகாத சீஸ் கூடத்துக்கும், வினிகர் முதிரும் வீட்டுப் பரணுக்கும், பன்றித் தொடை உலர்த்தும் லாங்கிரானோவுக்கும், போ நதிக்கரையில் உள்ள சிற்றூர்களுக்கும் நம்மைக் கொண்டுபோவதுதான் அதன் பயன். அதனால் ஒவ்வோர் இரவும் ஊர் மாறாமல், பார்மாவில் மூன்று இரவு, மோடெனாவில் மூன்று இரவு என்று தங்கி, அங்கிருந்து ஒருநாள் தெற்கே அப்பெனைன் மலையடிவாரத்துக்கும் ஒருநாள் வடக்கே நதிப்பக்கமும் போய்வருவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். நிர்வாகப்படி ஃபெராரா எமிலியாவின் ஓரத்திலும் மாந்தோவா அதற்கு வெளியிலும் இருந்தாலும், சமையலால் இரண்டும் இந்த வரிசையோடு சேர்ந்தவை. அவற்றுக்கும் ஒருநாள் பயணம் போதும். பழைய ரோமானியச் சாலையிலேயே முழுவதும் ஓட்டிப்போக வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். இன்று அது 9ஆம் எண் மாநிலச் சாலை. லாரிகளும் கிடங்குகளும் ரவுண்டானாக்களும் நிறைந்தது. பார்மாவிலிருந்து தெற்கே திரும்பி, 15ஆம் நூற்றாண்டின் தொர்ரெக்கியாரா கோட்டையைப் பார்த்தபடி லாங்கிரானோவுக்கு ஏறும் சாலையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு புரியும்.

இரண்டாவது தவறு, சாப்பாட்டு நேரத்தைப் பயணத்துக்கு ஏற்ப வளைக்கலாம் என்று நினைப்பது. இந்த ஊர்களின் ட்ராட்டோரியா எனப்படும் சாப்பாட்டுக் கடைகளில் மதியம் பன்னிரண்டரைக்கு அடுப்பு சூடாகி, இரண்டு அல்லது இரண்டரைக்கு அணைந்துவிடும். மறுபடி இரவு ஏழரைக்குத்தான் திறப்பார்கள். முதல் பயணத்தில் நாங்கள் பார்மாவுக்கு வெளியே ஒரு சிற்றூரை இரண்டே முக்காலுக்கு அடைந்தோம். கதவு திறந்திருந்தது, உள்ளே மேசை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா எங்களைப் பார்த்து, உண்மையான வருத்தத்தோடு, சமையலறை மூடிவிட்டது என்று சைகை காட்டினார். அன்றைய மதியம் ஒரு பாரில் கிடைத்த ரொட்டியோடு முடிந்தது. அன்றிலிருந்து பன்னிரண்டரைக்கு எங்கே உட்காரப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கிப் புறப்படும் நேரத்தைக் கணக்கிடுகிறோம். வார விடுமுறை நாள் கடைக்குக் கடை மாறும், திங்கட்கிழமை மூடுவது பரவலான வழக்கம். ஞாயிறு மதியம் குடும்பம் குடும்பமாக உள்ளூர்க்காரர்களே வந்து நிரப்பிவிடுவதால், முதல்நாளே தொலைபேசியில் இடம் சொல்லிவைக்காமல் போவது வீண். ஆகஸ்ட் 15ஆம் நாள் வரும் ஃபெர்ராகோஸ்தோ விடுமுறையை ஒட்டி இரண்டு மூன்று வாரம் மூடிவிடும் நல்ல கடைகள் உண்டு. குளிர்கால மாதங்களில் போ சமவெளியில் இறங்கும் மூடுபனி காரோட்டிகளுக்கு மிகவும் ஆபத்தானது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் வருந்த வாய்ப்பில்லை.

மூன்றாவது தவறுதான் பணத்தை மிக அதிகமாகத் தின்பது. இத்தாலியின் பழைய நகர மையங்கள் பெரும்பாலும் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையக்கூடிய கட்டுப்பாட்டு வட்டங்கள். இசட்-டி-எல் என்ற மூன்று எழுத்துகளால் அவற்றைக் குறிப்பார்கள். நுழைவாயிலில் தடுப்புக்கட்டை இருக்காது, காவலரும் நிற்க மாட்டார். சிவப்பு வளையமிட்ட வெள்ளை வட்டப் பலகையும், அதன் கீழே நேரங்களும், மேலே ஒரு கேமராவும் மட்டுமே இருக்கும். பக்கத்தில் மின்பலகை இருந்தால் அதில் 'வார்கோ அத்தீவோ' என்று ஒளிரும். 'வாயில் செயல்படுகிறது' என்று பொருள்படும் இந்தச் சொற்களைப் படித்து, திறந்திருக்கிறது போலும் என்று பலர் உள்ளே போய்விடுகிறார்கள். செயல்படுவது கேமராதான்; அந்த நேரத்தில் நுழையக் கூடாது. 'வார்கோ நோன் அத்தீவோ' என்று இருந்தால்தான் நுழையலாம். வழிகாட்டும் செயலி சில சமயம் இந்த வட்டத்தின் ஊடாகவே வழி சொல்லும். அதை நம்பிப் போனேன் என்பது காரணமாக ஏற்கப்படாது. ஒவ்வொரு நுழைவும் தனித்தனிக் குற்றம் என்பதால், தங்குமிடத்தைத் தேடி அதே தெருவை மூன்று முறை சுற்றியவருக்கு மூன்று அபராதங்கள் வரக்கூடும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு 360 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பலாம் என்று அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஊர் திரும்பிப் பல மாதங்கள் கழித்து அது வந்து சேரும். அதற்கு முன்பே, உங்கள் விவரங்களைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்காக வாடகைக் கார் நிறுவனம் ஒரு கட்டணத்தை உங்கள் அட்டையில் பிடித்திருக்கும். அது அபராதத்தோடு சேராது, தனி. அறிவிப்பு கைக்கு வந்த ஐந்து நாட்களுக்குள் செலுத்தினால் இத்தகைய அபராதத்தில் 30 விழுக்காடு குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தங்குமிடம் அந்த வட்டத்துக்குள் இருந்தால், போவதற்கு முன்பே அவர்களுக்கு எழுதி, வண்டி எண்ணை எப்போது, எப்படிப் பதிவு செய்வார்கள், எந்தத் தெரு வழியாக வர வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் மதிலுக்கு வெளியே உள்ள நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிட்டு நடப்பதே மேல். இந்த நகரங்களின் மையங்களை நடந்தே சுற்றிவிடலாம். தெருவோரம் நிறுத்துகிறவர்கள் கோடுகளின் நிறத்தைப் பார்க்க வேண்டும்: நீலம் கட்டணம், வெள்ளை பொதுவாக இலவசம், மஞ்சள் நமக்கல்ல. பலகையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கிட்ட இரண்டு சுத்தியல்கள் வரைந்திருந்தால் அந்த விதி வேலை நாட்களுக்கு உரியது. இத்தாலியர் கணக்கில் சனிக்கிழமையும் வேலை நாளே என்பதை அறியாமல் அபராதம் கட்டியவர்கள் பலர். சிலுவைக் குறி இருந்தால் ஞாயிறும் விடுமுறை நாட்களும். வாரச்சந்தை கூடும் சதுக்கத்தில் முதல்நாள் இரவு காரை நிறுத்தினால், காலையில் வண்டியை இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

ஓட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இந்திய உரிமம் வைத்திருப்பவர் புறப்படுமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கி, அசல் உரிமத்தோடு சேர்த்து எடுத்துச்செல்ல வேண்டும். அது ஓராண்டுக்குச் செல்லும். வண்டியை எடுக்கும்போது முன்பணம் பிடித்துவைக்க ஓட்டுநரின் பெயரிலேயே கடன் அட்டை கேட்பது வழக்கம். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே சொல்ல வேண்டும். விரைவுச்சாலையில் வேக வரம்பு 130, மழை பெய்தால் 110. இரண்டு இடங்களுக்கு இடையிலான சராசரி வேகத்தை அளக்கும் கருவிகள் இருப்பதால், கேமராவைக் கண்டதும் பிரேக் போடுவதில் பயனில்லை. சுங்கச்சாவடியில் மஞ்சள் பலகையுள்ள தடம் டெலிபாஸ் என்ற தானியங்கிக் கட்டணக் கருவி வைத்திருப்பவருக்கு உரியது. தவறி அதில் போய்விட்டால் ஒருபோதும் பின்னோக்கி எடுக்காதீர்கள். அது கடுமையான குற்றம். சாவடியில் உள்ள உதவிப் பொத்தானை அழுத்தினால், பின்னர் கட்டுவதற்கான சீட்டு கிடைக்கும். பெட்ரோல் பங்கில் 'காசோலியோ' என்ற பெயரைப் பார்த்து அது பெட்ரோல் என்று எண்ணிவிடாதீர்கள், அது டீசல். பெட்ரோலுக்கு அங்கே 'பென்சீனா' என்று பெயர்.

சாப்பாட்டுப் பக்கம் நடக்கும் தவறுகள்தான் என்னை அதிகம் வருத்துகின்றன. பொலோனியாவில் போய் 'ஸ்பகெட்டி போலோனீஸ்' கேட்பது அவற்றில் ஒன்று. அந்த ஊரின் இறைச்சிக் குழம்பான ராகூ, முட்டை சேர்த்துப் பிசைந்து கையால் தேய்த்த, தாலியாத்தெல்லே என்ற நாடா வடிவப் பாஸ்தாவோடு சேருவது. வெந்த தாலியாத்தெல்லேயின் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972இல் அவ்வூர் வணிகச் சங்கத்தில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். ராகூவின் செய்முறையும் 1982இல் அதே இடத்தில் பதிவாயிற்று. ஒரே உணவை எல்லா ஊர்களிலும் கேட்பது இன்னொன்று. இங்கே இருபது முப்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை பாஸ்தாவுக்குள் வைக்கும் பூரணம் மாறுகிறது. பார்மாவில் ரிக்கோத்தா என்ற மென்மையான சீஸும் கீரையும் வைத்த தொர்தெல்லி, மோடெனாவிலும் பொலோனியாவிலும் இறைச்சி வைத்து கோழிச் சாற்றில் மிதக்கும் தொர்தெல்லீனி, ஃபெராராவில் பூசணி வைத்த கப்பெல்லாச்சி. மாந்தோவாவிலும் அதே பூசணிதான். ஆனால் நொறுக்கிய பாதாம் பிஸ்கட்டும் கடுகுச் சாரம் ஏற்றிய பழப்பாகும் சேர்ந்து, இனிப்பும் காரமும் ஒன்றாக நாவில் ஏறும்.

சைவ உணவுக்காரர்கள் இங்கே மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஏனென்றால் இது பன்றியின் நாடு, அதன் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கும். மோடெனாவில் பூரியைப் போல உப்பிவரும் ஞொக்கோ ஃப்ரித்தோவைக் கண்டதும் நம்மவர்களுக்கு மனம் நிறைந்துவிடும். ஆனால் மரபுப்படி அதைப் பொரிப்பது 'ஸ்ட்ருத்தோ' எனப்படும் பன்றிக்கொழுப்பில். ரெஜ்ஜோவின் எர்பத்சோனே பார்வைக்கு வெறும் கீரை அடைதான். மாவிலோ பூரணத்திலோ பன்றிக்கொழுப்பு இருக்கும். பக்கத்துப் பகுதியான ரொமாஞாவின் பியதீனா ரொட்டியிலும் அப்படியே. ரிசோத்தோ என்ற அரிசி உணவு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் வேகிறது. எமிலியாவின் கைப்பாஸ்தா பெரும்பாலும் முட்டை சேர்ந்தது என்பதால், முட்டையும் சாப்பிடாதவர் மக்காச்சோளக் களியான பொலெந்தாவையோ முட்டையில்லாத உலர்பாஸ்தாவையோ கேட்க வேண்டும். நான் வெஜிடேரியன் என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'ச்சே ஸ்ட்ருத்தோ?', 'ச்சே ப்ரோதோ தி கார்னே?' என்று, அதாவது பன்றிக்கொழுப்பு இருக்கிறதா, இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று, பொருளைப் பெயர் சொல்லிக் கேட்பதே பலன் தரும். கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்வார்கள்.

பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் உறைவது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால். அதற்கு விலக்கே இல்லை, விதியே அதுதான். இதை முன்கூட்டி அறிந்து முடிவெடுத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பார்மாவின் கீரைத் தொர்தெல்லியின் உள்ளும் அது இருக்கிறது, மேலும் தூவப்படுகிறது.

மோடெனாவின் பால்சாமிக் வினிகரிலும் குழப்பம் உண்டு. கடைகளில் நிறைந்திருக்கும் 'அச்செத்தோ பால்சாமிக்கோ தி மோடெனா' திராட்சைச் சாறும் ஒயின் வினிகரும் கலந்தது, சாலட்டுக்கு ஏற்றது. 'த்ராதித்சியோனாலே' என்ற சொல் சேர்ந்தது காய்ச்சிய திராட்சைச் சாற்றை மட்டும் கொண்டு, பரணில் வரிசையாகப் பெரிதிலிருந்து சிறிதாகக் குறையும் மரப்பீப்பாய்களில் குறைந்தது 12 ஆண்டு முதிர்ந்தது. 'எக்ஸ்ட்ராவெக்கியோ' என்றால் 25 ஆண்டு. இது 100 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரே வடிவக் குப்பியில் மட்டுமே விற்கப்படும். அதை வாங்கிவந்து அடுப்பில் சூடாக்குவது பெரும் இழப்பு. சீஸ் துண்டின் மேலோ ஸ்ட்ராபெரியின் மேலோ நாலைந்து சொட்டு போதும்.

மதுவைப் பொறுத்தவரை, மேசைக்கு லாம்ப்ருஸ்கோ ஒயின் வருவது இங்கே இயல்பு. ஆனால் ஓட்டுநருக்கு வரம்பு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம், உரிமம் பெற்று மூன்றாண்டு ஆகாதவருக்குச் சுழியம். இரவுச் சாப்பாட்டை நடந்து போகும் தூரத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் கவலை எழாது.

கடைசியாக, சீஸ் கூடத்துக்குப் பிற்பகலில் போகும் தவறு. சமையல் முழுவதும் காலையிலேயே முடிந்துவிடும். முந்தின மாலைப் பாலை இரவெல்லாம் வைத்து ஆடையெடுத்து, காலைப் பாலோடு சேர்த்து, கவிழ்த்த மணியின் வடிவிலுள்ள செம்புக் கொப்பரையில் ஊற்றுவார்கள். உறைந்ததைக் கம்பிக்கூண்டு போன்ற கருவியால் பருக்கை பருக்கையாக உடைத்து, 55 பாகை வரை காய்ச்சுவார்கள். பருக்கைகள் அடியில் படிந்து ஒரே திரளாகும் வரை காத்திருந்து, இரண்டு பேர் கொப்பரையின் இரு புறமும் நின்று, மரத் துடுப்பால் அந்தத் திரளை மேலே நெம்பி, அடியில் துணியைச் செலுத்தித் தூக்குவார்கள். ஆவி முகத்தில் அடிக்கும், கூடம் முழுவதும் காய்ச்சிய பாலின் மணம். அதை அங்கேயே கத்தியால் இரண்டாக வெட்டி, இரட்டைப் பிள்ளைகளைப் போலத் தனித்தனித் துணியில் தொங்கவிடுவார்கள். சக்கர வடிவ சீஸ் ஒன்றுக்கு ஏறத்தாழ 550 லிட்டர் பால். இதைக் காண எட்டு, எட்டரைக்குள் கூடத்தில் இருக்க வேண்டும். முதல்நாளே கேட்டு இடம் பெற்றிருக்க வேண்டும். பத்தரைக்குப் போனால் கழுவிய தரையையும், உப்புநீர்த் தொட்டியில் மிதக்கும் சக்கரங்களையும், குறைந்தது பன்னிரண்டு மாதம் காத்திருக்கும் அடுக்குகளையும்தான் பார்க்கலாம்.