ரூம்மேட்டோடு சேர்ந்து பால் காய்ச்சுவது எப்படி? (இன்டக்‌ஷன் அடுப்புக்காரர்கள் மூன்றாம் படியை முதலில் படிக்கவும்)

போன தை மாதம் நானும் என் ரூம்மேட்டும் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். ஐயர், ஹோமம் எதுவும் இல்லை. ஞாயிறு காலை பால் காய்ச்சி வீட்டாருக்கு டிபன், சாயங்காலம் ஆபீஸ் நண்பர்களுக்குப் பிரியாணி, அவ்வளவுதான் திட்டம். உப்பு, மஞ்சள், சாமி படம், நிறைகுடம் எல்லாம் எந்த வரிசையில் உள்ளே போகவேண்டும் என்று உங்கள் அம்மாவே போனில் நான்கு முறை சொல்லிவிடுவார். அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: நாள்

எங்கள் வீட்டில் ஆடியும் மார்கழியும் ஆகாது. அவள் வீட்டில் புரட்டாசியும் கூடாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இரண்டு அம்மாக்களையும் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் காலி வீட்டுக்கு ஒரு மாத வாடகை தண்டம்.

படி 2: பணம்

செலவில் ஆளுக்குப் பாதி என்று ஆரம்பிக்காதீர்கள். என் பக்கம் பதினாறு பேர், அவள் பக்கம் ஆறு பேர். பாதிப் பாதி என்றால் அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள், ஆனால் அடுத்த மாத கரண்ட் பில்லில் அது தெரியும். சாப்பாட்டுச் செலவைத் தலைக்கணக்கில் பிரித்தோம். பாய், திரைச்சீலை மாதிரி வீட்டோடு நிற்பவை மட்டும் பாதி. கணக்குக்கு ஆப் வேண்டாம் என்பது என் கட்சி. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினால் போதும், போகவர இருவர் கண்ணிலும் படும்.

படி 3: பால்

இங்கேதான் நான் மாட்டினேன்.

கேஸ் இணைப்பு மாறி வரவில்லை, இன்டக்‌ஷன் அடுப்புதான் இருக்கிறது, பால்தானே என்று இருந்துவிட்டேன். நல்ல நேரம் 7.30 வரை. 7.10-க்கு ரூம்மேட்டின் அம்மா, ஊரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பித்தளைப் பானையை எடுத்து, குங்குமம் வைத்து, அடுப்பில் வைத்தார். பீப், பீப். எடுத்து வைத்தோம். மறுபடி பீப். “ஏம்மா, இது பொங்குமா பொங்காதா?” என்றார்.

பொங்காது. இன்டக்‌ஷன் அடுப்பு பாத்திரத்தின் அடியைக் காந்தப்புலத்தால் சூடாக்குகிறது. காந்தம் ஒட்டாத பித்தளை, செம்பு, அலுமினியம் எதுவும் அதில் வேலைக்கு ஆகாது. எவர்சில்வரிலும் எல்லாம் ஒட்டாது. ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், நச்சென்று ஒட்டினால் சரி. இதை முந்தின நாளே செய்யுங்கள். நான் அன்று காலை காந்தத்தோடு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கடன் வாங்கிய பாத்திரத்தில் 7.25-க்குப் பால் பொங்கியது. பொங்கி, வழிந்து, தொடு பட்டன்கள் மேல் பாய்ந்து, அடுப்பு அணைந்தேவிட்டது. பொங்கிய பிறகு அணைந்ததால் சகுனக் கணக்கில் சேரவில்லை என்று என் பெரியம்மா தீர்ப்புச் சொன்னார். நீங்கள் பாதிப் பாத்திரத்துக்கு மேல் பால் ஊற்றாதீர்கள். கொதி ஏறும்போது வெப்பத்தைக் குறைத்து, நுரை விளிம்பைத் தொட்டதும் கரண்டியால் கிழக்குப் பக்கம் ஒரு சொட்டு வழியவிடுங்கள்.

இதைவிட நல்ல வழி 5 கிலோ சின்ன சிலிண்டர். கேஸ் ஏஜென்சியில் அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கலாம், முகவரிச் சான்று கேட்கமாட்டார்கள். அப்புறம் பித்தளைப் பானைக்கும் மரியாதை கிடைக்கும்.

படி 4: சாயங்காலம்

பிரியாணிக்கு முன் வீட்டு ஓனரிடம் பேசுங்கள். சிலருக்கு அசைவம் சமைக்கத்தான் கூடாது, சிலருக்கு வாங்கிவந்து சாப்பிடவும் கூடாது. ஒரு கிலோ அரிசி பக்கெட் பத்துப் பேருக்கு வரும் என்று கடையில் சொன்னார்கள். எங்கள் கூட்டத்தில் ஏழு பேரோடு தீர்ந்தது. கேன் தண்ணீர் இரண்டு வாங்கிவையுங்கள்.

பேப்பர் கப் வேண்டாம். பிளாஸ்டிக் பூச்சு உள்ளவை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடையில் இருக்கின்றன. அதில் சூடாக டீ குடிக்கவும் எனக்குப் பிடிக்காது. வாடகைப் பாத்திரக் கடையில் முப்பது எவர்சில்வர் டம்ளர் எடுத்தோம். எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுங்கள். எங்களுக்கு ஒன்று குறைந்தது, அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்கள். தட்டுக்குப் பாக்குமட்டையே போதும். வாழையிலை தரையில் உட்காருபவர்களுக்குத்தான் சரிப்படும், கையில் பிடித்து நின்று சாப்பிட முடியாது.

பத்து மணிக்குப் பாட்டை நிறுத்திவிடுங்கள். புது வீட்டில் முதல் நாளே அசோசியேஷன் செயலாளரைச் சந்திக்கும் பாக்கியம் எதற்கு?

பின்சேர்க்கை: இன்ஃப்ராரெட் அடுப்பு ஆகுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஆகும், பித்தளையும் ஏற்கும். ஆனால் அணைத்த பிறகும் கண்ணாடி வெகுநேரம் கொதிக்கும், வழிந்த பால் அதிலேயே கருகி ஒட்டிக்கொள்ளும். சுரண்டும் வேலை யாருடையது என்பதையும் ஃபிரிட்ஜ் தாளில் முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: அந்தத் தொலைந்த டம்ளர் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடைத்தது. இப்போது அதில் டூத் பிரஷ் இருக்கிறது.